புத்தகத்தை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள்

பகல் முழுக்க லாரியிலும் பூம் லிஃப்டிலும் நின்று கிளை வெட்டுகிறவர், வீட்டிலிருந்தே படித்து மரப் பராமரிப்புச் சான்றிதழ் வாங்க முடியுமா? சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிகள் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள். முடியும். நான் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் படித்ததை ஒரு மரத்தின் முன் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்க்காத பாடம் தேர்வு நாள்வரை நிற்பதில்லை.

நான் படித்தது ஐஎஸ்ஏ என்று எல்லோரும் சொல்லும் பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கத்தின் ‘சர்ட்டிஃபைட் ஆர்பரிஸ்ட்’ தேர்வுக்கு. சங்கம் 1924ல் அமெரிக்காவில் தொடங்கியது. பட்டம் எதுவும் இல்லாதவர்கூட 3 ஆண்டு முழுநேர வேலை அனுபவம் காட்டி விண்ணப்பிக்கலாம். நான் எழுதியபோது 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். அனுபவத்துக்கான கடிதத்தைப் படிப்பு தொடங்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். கம்பெனி மாறியவர்களுக்குப் பழைய முதலாளியைத் தேடிப்பிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

பாடப் பகுதிகள் பத்து. பெரும்பாலானோர் தெரிந்த இடத்தில் தொடங்கலாம் என்று கவாத்தையும் பாதுகாப்பையும் முதலில் எடுக்கிறார்கள். நான் மர உயிரியலில் தொடங்கச் சொல்வேன். அது புரியாவிட்டால் கவாத்துப் பாடம் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளாகவே கிடக்கும்.

அலெக்ஸ் ஷைகோ என்பவரை அங்கேதான் சந்திப்பீர்கள். அமெரிக்க வனத்துறையில் மர நோய்களை ஆராய்ந்தவர். ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நெடுக்காகப் பிளந்து, உள்ளே அழுகல் எந்த வழியில் பரவியிருக்கிறது என்று பார்த்தார். அவர் 1977ல் விளக்கி எழுதிய கோட்பாட்டை ‘கோடிட்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். நம் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. சேதமான கட்டை அங்கேயேதான் இருக்கும். மரம் அதைச் சுற்றித் தடுப்பு போட்டு, அழுகலை உள்ளேயே அடைத்துவிடப் பார்க்கும். மேலும் கீழும் பரவாமல் தடுப்பது முதல் தடுப்பு, நான்கில் மிகவும் வலுக்குறைந்தது அதுதான். இரண்டாவது உள்நோக்கிப் போவதையும், மூன்றாவது பக்கவாட்டில் போவதையும் தடுக்கின்றன. காயம் பட்ட பிறகு பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் புதிதாக உண்டாக்குவது நான்காவது. எல்லாவற்றிலும் வலுவானது அதுதான்.

இது மனத்தில் பதிந்தால் மற்றவை தாமாகவே வந்து சேரும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைப்பாக இருக்கும் ‘காலர்’ பகுதியை ஏன் வெட்டக்கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுகலை அடைக்கும் தடுப்பு எழும்புவது அங்கிருந்துதான். வெட்டுவாயில் பெயின்ட் பூசினால் அழுகல் நிற்காது என்பதும், மரத்தின் தலையை மொட்டையடிப்பது அதற்குச் செய்யும் பெருங்கேடு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் புளோக்குக்குக் கீழே இறங்குங்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரமோ அங்சானாவோ நிச்சயம் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் கிளை வெட்டிய தழும்பைத் தேடுங்கள். புதுக்கட்டை முழு வட்டமாகத் திரண்டு மூடிக்கொண்டு வந்தால் வெட்டியவர் காலரை விட்டு வெட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் மட்டும் திரண்டு, மேலும் கீழும் வெறுமையாக இருந்தால் தண்டோடு ஒட்ட வெட்டிவிட்டார் என்று பொருள். கட்டையை நீட்டி விட்டிருந்தால் அது காய்ந்து, காளான் பிடித்து நிற்கும். ஒரே மரத்தில் இந்த மூன்றையும் பார்க்கலாம். எந்த வகுப்பறையிலும் இப்படி ஒரு பாடம் கிடைக்காது. செலவும் இல்லை.

அடுத்தது வீட்டில் படிக்கிறவர்களை அதிகம் குழப்பும் விஷயம். ஷாரன் லில்லியின் பெயர் தாங்கிய வழிகாட்டி நூலைத்தான் நாம் எல்லோரும் படிக்கிறோம். அருமையான நூல். ஆனால் அது பேசுவது குளிர்நாட்டு மரங்களைப் பற்றி: ஓக், மேப்பிள், குளிர்கால உறக்கம், பனியில் பட்டை வெடிப்பது. தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிப் பார்த்து, நூலில் இருப்பதுபோல் ஆண்டுக்கு ஒரு வளையம் எண்ண நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இலையுதிர்காலம் என்று ஒன்று இங்கே இல்லை. வறண்ட நாட்களுக்குப் பிறகு மழை பெய்தால் அங்சானா ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டிவிடும். மரம் நடும் பாடம் வேர்ப்பந்தைப் பற்றி விரிவாகச் சொல்லும். சிங்கப்பூரிலோ அந்நாளில் அங்சானாவின் பருத்த போத்துகளை வெட்டி நட்டே சாலைக்கு உடனடி நிழல் உண்டாக்கினார்கள்.

ஆகவே நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நூல் சொல்வது, வலப்பக்கம் இங்கே கண்ணால் பார்ப்பது. தேர்வில் இடப்பக்கத்தை எழுதுங்கள். வேலைக்கு இரண்டும் வேண்டும். மரத்தின் பெயரும் குடும்பமும் பழக, விடுமுறை நாளில் பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவுக்குப் போய்வாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, பல மரங்களில் பெயர்ப்பலகை உண்டு. ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் அங்கேதான் நிற்கிறது. தரையை ஒட்டி நீளும் அதன் பெருங்கிளையைப் பார்த்தபடி, கிளை இணைப்பைப் பற்றிய பாடத்தை இன்னொரு முறை படியுங்கள்.

மண் பாடத்தைப் பலர் தள்ளிவைக்கிறார்கள். அதைக் கையாலேயே படித்துவிடலாம். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாபோல் தள்ளுங்கள். நீளமாக வந்தால் களி மிகுந்த மண், உடனே உதிர்ந்தால் மணல் மிகுந்தது. மரத்தின் நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ 30 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கிறது. அவை கிளைப்பரப்பைத் தாண்டியும் ஓடுகின்றன. கட்டுமான இடத்தில் லாரி ஏறி இறுகிய மண்ணை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவருக்கு, மரப் பாதுகாப்பு வேலியை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்ற கேள்வி மறக்காது.

அனுபவசாலிகளுக்குக் கடினமாக இருப்பது பாதுகாப்புப் பாடம். நம் கை பழகியது ஒன்று, நூல் கேட்பது இன்னொன்றாக இருக்கும். மின்கம்பியைப் பற்றி நிறையக் கேள்விகள் வரும். பயிற்சி பெறாதவர் குறைந்தது பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. சிங்கப்பூரில் மின்சாரம் பெரும்பாலும் நிலத்தடியில் போவதால் இங்கேயே வேலை பழகிய பையன்களுக்கு அந்தப் பாடம் கண்முன் வருவதில்லை. ஊரில் இபி லைனுக்கு நடுவே தென்னை மட்டை இழுத்தவர்களுக்கு அந்த ஆபத்தைச் சொல்லவே வேண்டாம்.

மாதிரிக் கேள்விகளைப் போடும்போது சரியான விடையை மட்டும் குறித்துவிட்டு நகராதீர்கள். மற்ற மூன்றும் ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தேநீர் நேரத்தில் கூட இருப்பவர்களுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். எனக்கு மிகவும் உதவியது அதுதான். “அண்ணே, அப்ப உள்ள பொந்து விழுந்த மரம் எல்லாமே விழுந்துருமா?” என்று ஒரு தம்பி கேட்டார். சுற்றியுள்ள நல்ல கட்டையின் கனத்தைப் பொறுத்தது, பொந்து இருப்பதாலேயே மரத்தை வெட்டிவிடக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்போய்த்தான் இடர்மதிப்பீட்டுப் பாடம் எனக்கே தெளிவானது. படிக்க ஏற்ற நேரம் விடியற்காலை. மரத்தில் வேலை செய்த உடம்பு இரவு எட்டு மணிக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளாது.

கயிறு கட்டி ஏறுவதையும் மேலே மாட்டிக்கொண்டவரை மீட்பதையும் வீட்டில் கற்க முடியாது. காணொளி பார்த்துவிட்டு யாரும் முயலக்கூடாது. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நிற்க, தாழ்வான மரத்தில் பழகிய பிறகே மேலே போக வேண்டும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சான்றிதழ் 3 ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் 30 கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். கருத்தரங்கு, சிறு வகுப்பு, கட்டுரை படித்து விடை எழுதுவது எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. முதல் ஆண்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்து மர இடர்மதிப்பீட்டுத் தகுதிக்குப் போக நினைப்பவர்கள் அதற்கு விடுப்பு எடுத்தாக வேண்டும். இரண்டு நாள் வகுப்பில் நேரில் உட்கார்ந்து, அதன்பின் ஒரு மரத்தின் முன் நின்று மதிப்பிட்டுக் காட்டச் சொல்வார்கள்.