சும்மா இருக்கும் கணிப்பொறிக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்?

இரவு மணி பத்து. வீட்டில் அனைவரும் உறங்கிவிட்டனர். மேசைமீதுள்ள கணிப்பொறியை யாரும் தொடவில்லை. திரையும் இருண்டு கிடக்கிறது. ஆனால் பெட்டிக்குள் காற்றாடி 'விர்' என்று சுழலும் ஓசை கேட்கிறது. பெட்டியின் பின்புறம் கையைக் காட்டினால் வெதுவெதுப்பான காற்று வீசுகிறது. யாருமே வேலை கொடுக்காதபோது கணிப்பொறி எதற்காக இப்படி உழைக்கிறது?

பேயும் இல்லை, பிசாசும் இல்லை! அதனுள் ஒரு பின்னணி நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் தட்டச்சு செய்யும்போதும் படம் பார்க்கும்போதும் கண்ணில் படாமல் வேலை செய்யும் நிரல்களுக்கு அந்தப் பெயர். வைரஸைத் தேடும் நிரல், கோப்புகளுக்கு அட்டவணை போடும் நிரல் என்று இவற்றில் பல வகை உண்டு. இவை வந்த வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடும். வேறு சில நிரல்களோ அடங்காப் பசி கொண்டவை. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அளவோடு வேலை வாங்குவது எப்படி என்று பார்ப்போமா?

உலகுக்கு இரவல் கொடுத்த நேரம்

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு சிறு கணக்கு. இன்றைய கணிப்பொறியின் மையச் செயலகம் (சி.பி.யூ.) ஒரு விநாடிக்குச் சுமார் 300 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சிறுசிறு வேலைகளைச் செய்ய அதனால் முடியும். நீங்கள் மிக வேகமாகத் தட்டச்சு செய்து விநாடிக்குப் பத்து எழுத்துகள் அடிப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே 30 கோடித் துடிப்புகள்! அவற்றில் பெரும்பகுதி வீண்தான்.

இந்த வீணான நேரத்தை அறிவியலுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று சிலர் எண்ணினர். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1999 மே 17 அன்று 'செட்டி அட் ஹோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் விட்டமுள்ள அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி விண்ணிலிருந்து பெற்ற அலைகளைச் சிறு துண்டுகளாக்கி, உலகெங்கும் உள்ள வீட்டுக் கணிப்பொறிகளுக்கு அனுப்பினார்கள். வேற்றுலக அறிவுயிர்களின் அறிகுறி ஏதேனும் அவற்றில் உண்டா என்று அந்தக் கணிப்பொறிகள் ஓய்வு நேரத்தில் தேடின. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தார்கள். அறிவுயிர் எதுவும் அகப்படவில்லை. 2020 மார்ச் 31 அன்று துண்டுகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. ஆனால் வழி பிறந்துவிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் உருவான 'பாயிங்க்' என்ற பொது நிரலின் மூலம் பல துறைகளின் கணக்குகள் இப்படிப் பகிர்ந்தளிக்கப்படலாயின.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. 2010இல் 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' என்னும் திட்டத்தில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் இரு கணிப்பொறிகள் ஒரு புதிய துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தன. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அது, விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. ஏன் இரண்டு கணிப்பொறிகள்? ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி, இருவர் விடையும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது அத்திட்டத்தின் வழக்கம்.

வழிவிடும் மாட்டுவண்டி

சரி, இப்படிப்பட்ட நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கட்டுரையை நீங்கள் எழுத முடியுமா? தாராளமாக முடியும். அதற்குக் காரணம் 'முன்னுரிமை' என்னும் ஏற்பாடு.

குறுகிய கிராமத்துச் சாலையில் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் பேருந்து ஒலி எழுப்புகிறது. வண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டுகிறார். பேருந்து கடந்ததும் வண்டி மறுபடி சாலைக்கு வருகிறது. கணிப்பொறியிலும் இதுவே நடக்கிறது. எந்த நிரலுக்குச் செயலகத்தை எப்போது தருவது என்பதை இயக்க அமைப்பு முடிவு செய்கிறது. பாயிங்க் போன்ற நிரல்களின் கணக்குகள் மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுகின்றன. நீங்கள் ஒரு விசையைத் தட்டியவுடன் பின்னணி நிரல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் ஓரங்கட்டி நிற்கும்.

யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் இந்தப் பணிவை அளக்க ஓர் எண்ணே இருக்கிறது. அதன் பெயர் 'நைஸ்'. ஆங்கிலத்தில் 'நல்லவர்' என்று பொருள் கொள்ளலாம். லினக்ஸில் இது -20 முதல் 19 வரை போகும். எண் கூடக்கூட நிரல் மற்றவர்களுக்கு அதிகம் வழிவிடும். 19 பெற்ற நிரல் மிகவும் நல்ல பிள்ளை!

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். பேருந்துக்கு வழிவிடும் வண்டி, பேருந்து வராத நேரமெல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இரவு முழுவதும் ஒரு பேருந்தும் வராவிட்டால் இரவு முழுவதும் ஓட்டம்தான்! மாடுகளுக்கு ஓய்வு ஏது? அதுபோலவே முன்னுரிமையைக் குறைப்பதால் உங்கள் வேலைக்கு இடையூறு குறையும். செயலகத்தின் உழைப்பு குறையாது. வேறு வேலை இல்லாதபோது பின்னணி நிரல் நூற்றுக்கு நூறு பங்கு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். வழிவிடுவது வேறு, ஓய்வெடுப்பது வேறு.

ஓய்வுக்கு உள்ள விலை

செயலகம் ஓய்வெடுக்காவிட்டால் என்ன? இயந்திரம்தானே என்று கேட்கலாம். செயலகத்துக்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அந்த வெப்பத்தை உலோகத் தகடுகளும் காற்றாடியும் வெளியேற்ற வேண்டும். தகடுகளில் தூசி படிந்திருந்தால், அல்லது மடிக்கணினி மெத்தைமீது வைக்கப்பட்டிருந்தால், வெப்பம் வெளியேறாமல் தேங்கும். பல செயலகங்கள் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்போது பின்னணி நிரலோடு உங்கள் வேலையும் சேர்ந்து மெதுவாகிவிடும்.

மின்செலவையும் பாருங்கள். 1990களின் வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றில், வேலையில்லாத நேரத்தில் மின்செலவைக் குறைக்கும் ஏற்பாடு சரிவர இல்லை. சும்மா இருந்தாலும் செலவு, உழைத்தாலும் செலவு என்றிருந்தபோது, அந்த நேரத்தைத் தானமாகக் கொடுப்பதில் பெரிய இழப்பு இல்லை. இன்றைய செயலகமோ வேலை இல்லையென்றால் உடனே கண்ணயர்ந்துவிடும். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே அதை எழுப்பி வேலை வாங்குவதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. சும்மா இருக்கும்போது 50 வாட்டும், முழுமூச்சாக உழைக்கும்போது 110 வாட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு கணிப்பொறியைக் கற்பனை செய்வோம். வேறுபாடு 60 வாட். இரவும் பகலும் உழைத்தால் ஒரு நாளைக்கு 60 × 24 = 1,440 வாட்-மணி, அதாவது 1.44 யூனிட். 30 நாளைக்கு 43.2 யூனிட்! இது மின்கட்டணத்தில் வந்து நிற்கும். கட்டணம் செலுத்துபவர் உங்கள் அப்பாவோ அம்மாவோ அல்லவா? தானம் செய்யுமுன் அவர்களைக் கேட்க வேண்டாமா?

மூன்று கடிவாளங்கள்

முழுமூச்சு ஓட்டத்தை அடக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஓடி நிற்பது. பாயிங்க் நிரலில் '75 சதவீத நேரம்' என்று குறித்தால், அது 3 விநாடி கணக்கிட்டு 1 விநாடி சும்மா இருக்கும். பிறகு மறுபடியும் 3 விநாடி. சராசரியாகப் பார்த்தால் வெப்பமும் மின்செலவும் நான்கில் ஒரு பங்கு குறையும். வேலையும் அதே அளவு குறையும். 50 சதவீதம் என்று வைத்தால் நம் எடுத்துக்காட்டில் 43.2 யூனிட், 21.6 யூனிட்டாகும்.

இரண்டாவது வழி, ஆளைக் குறைப்பது. இன்றைய செயலகத்துக்குள் 'கோர்' எனப்படும் பல சிறு செயலகங்கள் உள்ளன. நான்கு கோர்கள் இருந்தால் இரண்டை மட்டும் பின்னணி நிரலுக்கு ஒதுக்கலாம். ஓடி ஓடி நிற்கும்போது காற்றாடி சில சமயம் ஏறியிறங்கி ஒலிக்கும். ஆளைக் குறைத்தாலோ வெப்பம் ஒரே சீராக இருக்கும்.

மூன்றாவது வழி, நடையைத் தளர்த்துவது. இதில்தான் ஒரு விந்தை இருக்கிறது. செயலகத்தின் உழைப்புக்கான மின்திறன், துடிப்பின் வேகத்தைப் பொறுத்தது. அதோடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தைக் குறைத்தால் குறைந்த மின்னழுத்தமே போதும். இரண்டையும் 80 சதவீதத்துக்குக் குறைத்ததாகக் கொள்வோம். அப்போது மின்திறன் 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது ஏறக்குறையப் பாதி! நம் எடுத்துக்காட்டில் 60 வாட்டுக்குப் பதில் சுமார் 30.7 வாட், மாதத்துக்கு 22.1 யூனிட்.

இப்போது முதல் வழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி நேரம் ஓடி நின்றபோது 21.6 யூனிட்டுக்குப் பாதி வேலைதான் நடந்தது. நடையைத் தளர்த்தியபோது ஏறக்குறைய அதே மின்சாரத்தில் 80 சதவீத வேலை நடந்துவிடுகிறது! வண்டிமாட்டை விரட்டி விரட்டி ஓட்டி நிறுத்துவதைவிட, சீரான நடையில் விடுவதே சிக்கனம். உண்மையான கணிப்பொறிகளில் மின்னழுத்தம் வேகத்தின் அளவுக்கே குறைவதில்லை; மின்கசிவும் உண்டு. எனவே ஆதாயம் இந்த அளவுக்கு வராது. ஆனாலும் ஆதாயம் உண்டு. விண்டோஸ் அமைப்பின் மின்சிக்கன ஏற்பாடுகளில் செயலகத்தின் உச்ச நிலையைச் சதவீதத்தில் குறிக்கும் வசதி பல கணிப்பொறிகளில் இருக்கிறது.

இவற்றோடு, விசைப்பலகையை யாராவது தொட்டால் நிறுத்து, மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போது நிறுத்து என்றெல்லாம் பாயிங்க் நிரலுக்கு ஆணையிடலாம்.

ஓர் எச்சரிக்கை. பயந்துபோய் ஒரேயடியாக 5 சதவீதம் என்று குறைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் விடை அனுப்பக் கெடு நாள் உண்டு. கெடு தவறினால் அதே துண்டு வேறொருவருக்கு அனுப்பப்படும். உங்கள் கணிப்பொறி அதுவரை செலவிட்ட மின்சாரம் வீணாகிவிடலாம். முடிக்கக்கூடிய வேலையை மட்டும் ஏற்றுக்கொள்வதும் ஒரு வகைச் சிக்கனம்தான்.

செய்து பாருங்கள்

வீட்டிலோ பள்ளியிலோ உள்ள விண்டோஸ் கணிப்பொறியில், பெரியவர்களின் அனுமதியோடு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பட்டியல் திறக்கும். லினக்ஸ் கணிப்பொறியானால் 'டாப்' என்ற ஆணையைக் கொடுங்கள். அங்கே நைஸ் எண்ணையும் காணலாம்.

1. எந்த வேலையும் செய்யாமல் ஐந்து நிமிடம் காத்திருந்து, செயலகம் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு திரைப்படத்தை ஓடவிட்டு மறுபடி குறியுங்கள். காற்றாடியின் ஓசை மாறுகிறதா?

3. சும்மா இருக்கும்போதும் அதிகம் உழைக்கும் நிரல் எது என்று பாருங்கள். பெயரைக் குறித்துக்கொண்டு, அது என்ன வேலை செய்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். தெரியாத நிரலை நீங்களாக நிறுத்த வேண்டாம்; கணிப்பொறிக்கு இன்றியமையாத நிரலாகவும் அது இருக்கலாம்.

யாரும் நிறுவாத நிரல் ஒன்று ஓயாமல் செயலகத்தைத் தின்றுகொண்டிருந்தால் கவனம் தேவை. பிறர் கணிப்பொறிகளில் திருட்டுத்தனமாகப் புகுந்து, மின்பணம் ஈட்டுவதற்கான கணக்குகளைப் போடும் நிரல்களும் உலவுகின்றன. தானம் வேறு, திருட்டு வேறு. வேறுபாடு ஒன்றே ஒன்று: உடையவரின் சம்மதம்.

பெட்டிக்குள் காற்றாடி சுழலும் ஓசை இனி உங்களுக்குப் புதிராக இராது. அடுத்த முறை அதைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை எழுப்புங்கள். யாருக்காக இந்த உழைப்பு? எவ்வளவு உழைப்பு? அதற்கான மின்சாரத்தின் விலையைத் தருபவர் யார்? மூன்றுக்கும் விடை தெரிந்தபின், எங்கோ ஓர் ஆய்வாளருக்கு உங்கள் கணிப்பொறியின் நேரத்தை மனமார இரவல் கொடுக்கலாம்.