ஆடை விளம்பரமும் பெண்ணின் மதிப்பும்

ஆடை, மானங் காப்பது, தட்பவெப்பம் தடுப்பது, அழகு தருவது என மூவகைப் பயனுடையது. அதனை விற்க விரும்பும் வணிகன் துணியின் தரத்தையும் தையலின் நேர்த்தியையும் விலையையும் எடுத்துரைப்பதே முறை. எனினும் கடந்த அரை நூற்றாண்டு ஆடை விளம்பரங்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு விந்தை புலப்படும். பலவற்றில் ஆடை இருக்குமிடமே தெரியாது. அதனை அணிந்த பெண்ணின் உடலே முன்னிற்கும். அவ்வுடலும் முழுமையான ஒரு மனிதப் பிறவியாக அன்றி, முகம் வெட்டப்பட்டுத் துண்டு துண்டாகக் காட்டப்படும். அண்மைக் காலத்தில் இந்நிலை வளர்ந்த மகளிரோடு நில்லாமல் பள்ளிச் சிறுமியரையும் பற்றிக்கொண்டது. இதனை எதிர்த்து எழுந்த குரல்களையும், அவற்றுள் குறி தப்பாதவை எவை என்பதையும் இங்குச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். உடல் தெரிவதே குற்றம் என்னும் வாதம் நமக்குப் பொருந்தாது. திகம்பர மரபினராகிய நாம் ஆடையற்ற அருகப் பெருமானின் திருவுருவை வணங்கி வருகின்றோம். நம் குழந்தைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஜினாலயத்துள் நுழைந்து அத்திருவுருவின் முன் நிற்கின்றனர். எவர் நெஞ்சிலும் கூச்சம் தோன்றுவதில்லை. காரணம் யாது? அத்திருவுருவம் காண்போரின் ஆசையைத் தூண்டி எதனையும் பெற முயல்வதில்லை. பற்று நீங்கிய நிலையைக் காட்டி நிற்கின்றது. இதற்கு மாறாக, தலைமுதல் கால்வரை போர்த்திய ஒரு பெண்ணையும் விளம்பரத்தால் இழிவுபடுத்த இயலும். ஆகவே எத்தனை அங்குலத் துணி குறைந்துள்ளது என்று அளந்துகொண்டிருப்பதில் பயனில்லை. அவ்வுருவம் எதற்குக் கருவியாக்கப்படுகின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். 1980ஆம் ஆண்டில் கால்வின் கிளைன் என்னும் ஆடை நிறுவனம் தன் ஜீன்ஸ் காற்சட்டைக்குத் தொலைக்காட்சி விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றைப் படமாக்கியவர் புகழ்வாய்ந்த ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான். நடித்தவர் புரூக் ஷீல்ட்ஸ். அப்பொழுது அவருக்கு வயது 15. அவர் அணிந்திருந்தவை சட்டையும் நீண்ட காற்சட்டையும். உடையில் குறை ஏதுமில்லை. எனினும் தமக்கும் தம் ஜீன்ஸுக்கும் நடுவே வேறொன்றும் இல்லை என்னும் கருத்துப்பட ஒரு வாசகத்தை அவர் வாயில் வைத்துப் பேசச் செய்தனர். கேட்பவர் எதனை எண்ண வேண்டும் என்று எண்ணி எழுதினரோ அதனையே மக்கள் எண்ணினர். சில தொலைக்காட்சி நிலையங்கள் அவ்விளம்பரங்களை ஒளிபரப்ப மறுத்தன. விற்பனையோ பெருகிற்று. அச்சொற்களில் இருந்த இரட்டைப் பொருள் அக்காலத்தில் தமக்கு விளங்கவேயில்லை என்று புரூக் ஷீல்ட்ஸ் 2021இல் அளித்த நேர்காணலில் கூறியுள்ளார்.

இதனைச் சற்று நின்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். எழுதியவர்க்குப் பொருள் தெரியும், படமெடுத்தவர்க்குத் தெரியும், ஒளிபரப்பியவர்க்கும் வீட்டில் அமர்ந்து பார்த்தவர்க்கும் தெரியும். பேசிய சிறுமி ஒருத்திக்கு மட்டும் தெரியாது. சிறுமியரை இவ்வாறு பயன்படுத்துவதிலுள்ள தீங்கு வேறெங்கும் இத்துணை வெளிப்படையாகப் புலப்பட்டதில்லை எனலாம். அவள் உடலுக்கு ஊறு நேரவில்லை, ஊதியமும் கிடைத்தது, பெற்றோரின் இசைவும் இருந்தது. ஆயினும் அவளறியாத ஒரு பொருளை அவள்மீது ஏற்றி ஊரெல்லாம் விற்றனர்.

அதே நிறுவனம் 1995இல் மற்றொரு விளம்பர வரிசையை வெளியிட்டது. மரப்பலகை பதித்த மலிவான அறையொன்றில் இளையோர் தனித்தனியே நிறுத்தப்பட்டிருப்பர். படக்கருவிக்குப் பின்னாலிருந்து முகம் தெரியாத ஓர் ஆணின் குரல் அவர்களிடம் உடலைப் பற்றியும் உடையைப் பற்றியும் வினாக்கள் தொடுக்கும். சிறுவரைக் கெடுக்கும் இழிபடங்களின் சாயலை வேண்டுமென்றே மேற்கொண்டது என்று பெற்றோரும் குழந்தை நல அமைப்பினரும் கண்டித்தனர். இம்முறை அவர்கள் வீதியில் முழங்கியதோடு நிற்கவில்லை; அவ்வாடைகளை விற்கும் பெருங்கடைகளுக்குக் கடிதம் எழுதினர். ஆகஸ்டு மாத இறுதியில் நிறுவனம் விளம்பரங்களைத் திரும்பப் பெற்றது. நடித்தோருள் உரிய வயது நிரம்பாதவர் உளரோ என்று அமெரிக்க நீதித்துறை ஆராய்ந்தது. வழக்குத் தொடராமலேயே அவ்வாண்டிற்குள் விசாரணை முடிந்தது. எதிர்த்தவர்கள் வினவியதோ நடித்தவரின் பிறந்த நாளைப் பற்றி அன்று. அவர்களைக் குழந்தைகள்போல் தோன்றச் செய்து அத்தோற்றத்தை ஆசைப்பொருளாக்கலாமா என்பதே அவர்தம் வினா. அவ்வினாவிற்கு அமெரிக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் அந்நிறுவனமே சிறுவர் உள்ளாடைக்கெனக் குழந்தைகளின் படங்களை வெளியிட்டு, கண்டனம் எழவே ஒரே நாளில் நிறுத்திக்கொண்டது. எதிர்ப்பு விற்பனைக்கு உதவிய 1980ஆம் ஆண்டு நிலை இருபதாண்டுக்குள் மாறியமை இதனால் அறியலாகும்.

அமெரிக்கச் சட்டம் தொடாது விட்ட அவ்வினாவைப் பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் எடுத்துக்கொண்டது. அமெரிக்கன் அப்பாரல் நிறுவனம் தன் மேலங்கி ஒன்றிற்கு வெளியிட்ட படங்களை அவ்வாணையம் 2009இல் ஆராய்ந்தது. படத்திலுள்ள பெண்ணுக்கு வயது 23 என்று நிறுவனம் வாதிட்டது. பார்ப்போர் கண்ணுக்கு அவள் 16 வயது நிரம்பாதவள் போலவே தோன்றுகின்றாள் என்று கூறி ஆணையம் அவ்விளம்பரத்தைத் தடுத்தது. 2014இல் பள்ளி திறக்கும் பருவத்தை ஒட்டி அதே நிறுவனம் குட்டைப் பாவாடை ஒன்றைப் பின்புறமிருந்து படமெடுத்து வெளியிட்டபோதும் தடை விதிக்கப்பட்டது. விற்கப்படும் பாவாடையின்மீது படத்தின் நோக்கு இல்லை. உடற்பகுதியின்மீதே உள்ளது என்பது ஆணையம் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஆடை வணிகர் எப்போதும் கூறும் சமாதானம் ஒன்றுண்டு: ‘சோப்பு விற்பவனுக்குப் பெண்ணுடல் வேண்டா, ஆடை விற்பவனுக்கு உடலின்றி எங்ஙனம் இயலும்?’ கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றும். அதற்கு மறுமொழி இத்தீர்ப்பில் உள்ளது. படத்தைப் பார்த்தவுடன் ஆடையைப் பற்றி ஏதேனும் அறிய முடிகின்றதா என்று கேட்டாற் போதும். 18 வயதுக்குட்பட்டோரையும், அவ்வாறு தோற்றமளிப்போரையும் காமக் குறிப்புடன் காட்டலாகாது என்னும் விதி 2018 ஜனவரி முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

‘வயது வந்த பெண் ஒருத்தி தன் விருப்பத்தால் நடிக்கின்றாள்; ஊதியம் பெறுகின்றாள்; தடுக்க நீர் யார்?’ என்று வினவுவாரும் உளர். இவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. அவள் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவள் இசைவு தந்தது தன் பொருட்டே. அப்படத்தை நாள்தோறும் கடைத்தெருவிலும் கைப்பேசியிலும் கண்டு, அதனையே அளவுகோலாகக் கொண்டு தன்னை அளந்துகொள்ளும் பதின்மூன்று வயதுச் சிறுமி இசைவு தந்தவள் அல்லள். அவளை எவரும் கேட்டதுமில்லை. அமெரிக்க உளவியல் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில் இதனை விரித்துரைத்துள்ளது. ஒருவரின் மதிப்பு முழுவதும் பாலியற் கவர்ச்சியில் அடங்கியது எனக் கருதச் செய்தலும், பாலியல் தன்மையைத் தகாத முறையில் அவர்மேல் திணித்தலும் இக்கேட்டின் கூறுகள் என்பது அதன் விளக்கம். தாழ்ந்த தன்மதிப்பு, உண்ணும் முறையில் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பையும் அவ்வறிக்கை எடுத்துக் காட்டுகின்றது.

பார்பரா பிரெட்ரிக்சன் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. கல்லூரி மாணவரும் மாணவியரும் தனியறையில் கண்ணாடி முன் நிறுத்தப்பட்டு, சிலர்க்கு நீச்சலுடையும் சிலர்க்குக் கம்பளி மேற்சட்டையும் அணியத் தரப்பட்டன. அவ்வுடையிலேயே அவர்கள் கணக்குத் தேர்வு எழுதினர். நீச்சலுடை அணிந்த மாணவியர், மேற்சட்டை அணிந்த மாணவியரினும் குறைந்த மதிப்பெண் பெற்றனர்; மாணவரிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அறையில் வேறெவரும் இல்லை என்பது கருதத்தக்கது. எவரும் பாராதபோதும், பிறர் பார்வை அப்பெண்களின் உள்ளத்துள் குடிபுகுந்து அறிவின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொண்டது. ஓர் ஆய்வைக் கொண்டே எல்லாம் நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் முறையன்று. எனினும் பெண்மக்களைப் படிக்க வைக்கப் பாடுபடும் குடும்பங்கள் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

இனி, நம் எதிர்ப்பு எங்கே செல்கின்றது என்று பார்ப்போம். விளம்பரத்தைக் கண்டு வெகுண்ட தந்தை அக்கடைக்குக் கடிதம் எழுதுவதில்லை. வீட்டிலுள்ள மகளை அழைத்து அவள் உடையைக் குறை கூறுகின்றார். குற்றம் ஒருவருடையது, தண்டனை மற்றொருவர்க்கு. அன்றியும், உன் உடலே உன்னைப் பற்றிய முதற் செய்தி என்று விளம்பரம் கூறியதையே தந்தையும் வேறு சொற்களால் கூறியவர் ஆகின்றார். நோக்கம் நல்லதே, ஆயினும் மகளின் செவியில் இரண்டும் ஒன்றாகவே விழும்.

பெண்மக்களே முன்னின்று எதிர்த்த வரலாறும் உண்டு. அபர்குரோம்பி அண்டு ஃபிட்ச் என்னும் அமெரிக்க நிறுவனம், மார்பின் குறுக்கே இழிபொருள் தரும் வாசகங்கள் அச்சிட்ட சட்டைகளை இளம்பெண்களுக்கென விற்றுவந்தது. கவர்ச்சியான உடல் இருக்க அறிவு எதற்கு என்னும் பொருள்பட அமைந்தது அவற்றுள் ஒன்று. அணிந்த பெண்ணே நடமாடும் விளம்பரமாவாள். 2005இல் பென்சில்வேனியா மாநிலத்துப் பள்ளி மாணவியர் சிலர் கூடி அக்கடையைப் புறக்கணிக்குமாறு ஏனைய பெண்களை அழைத்தனர். செய்தி நாடெங்கும் பரவியது. நிறுவனம் அம்மாணவியரை அழைத்துப் பேசி, அச்சட்டைகளுள் சிலவற்றை விற்பனையிலிருந்து நீக்கியது. அம்மாணவியர் நாணத்தைப் பற்றிப் பேசவில்லை. தங்கள் அறிவை இகழ்ந்ததைப் பற்றியே பேசினர்.

தீவினையைத் தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுத்துக் காணும் மரபு நம்முடையது. படம் எடுத்தவரும் எடுப்பித்தவரும் எங்கோ உள்ளனர். பண்டிகைக்காலத் துணிக்கடைப் பையைச் சுமந்து வரும் நாம் மூன்றாம் வகையில் அடங்குவோமா அல்லோமா என்பதை அவரவர் ஆராய்க.

நம் நாட்டில் மகளிரை இழிவாகச் சித்திரித்தலைத் தடைசெய்யும் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. முதற் குற்றத்திற்கு ஈராண்டு வரை சிறையும் இரண்டாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அது இடமளிக்கின்றது. (பெருநிறுவனத்திற்கு இரண்டாயிரம் ரூபாய் எம்மாத்திரம் என்று வாசகர் நகைக்கலாம்.) பெண்ணின் உருவத்தை ஆபாசமாகவோ, பெண்டிரை இழிவுபடுத்தும் வகையிலோ, பொது ஒழுக்கத்திற்கு ஊறு விளைக்கும் வகையிலோ காட்டுதல் குற்றம் என்பது அதன் சாரம். ஆபாசமும் இழிவும் தனித்தனியே கூறப்பட்டிருத்தலை நோக்குக. 2007இல் அமுல் மாச்சோ என்னும் ஆடவர் உள்ளாடையின் தொலைக்காட்சி விளம்பரத்தை மத்திய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் தடைசெய்தது. அதில் தோன்றிய பெண் கணவனின் உள்ளாடையைத் துவைப்பவள். அவள் உடையில் குறை சொல்ல இடமில்லை. தடைக்குக் காரணமானவை அவளைச் செய்யவைத்த குறிப்புகளே.

சட்டத்தை நாடாமலும் முறையிட வழியுண்டு. 1985இல் தொடங்கப்பெற்ற இந்திய விளம்பரத் தரக் குழுமத்திற்கு எவரும் கட்டணமின்றி முறையீடு அனுப்பலாம். எவரையும் பாலியற் காட்சிப்பொருளாக்கிக் காண்போரின் கிளர்ச்சியைத் தூண்டுதல் கூடாது என்னும் நெறியை அக்குழுமம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்புகளில் சேர்த்துள்ளது. எழுதுவோர் விளம்பரம் வெளிவந்த இதழ் அல்லது அலைவரிசை, நாள், பொருளின் பெயர் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். இயன்றால் படியொன்றையும் இணைக்கலாம். ‘இவ்விளம்பரம் ஆபாசமாக உள்ளது’ என்று மட்டும் எழுதினால் அது பார்வையைப் பொறுத்தது என்ற மறுமொழி எளிதில் வந்துவிடும். படத்தில் முகம் வெட்டப்பட்டுள்ளதா, விற்கப்படும் ஆடை தெளிவாகத் தெரிகின்றதா, உருவிலுள்ளவள் சிறுமிபோல் தோற்றமளிக்கின்றாளா என்பனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எழுதுதல் நன்று. வீட்டில் பத்து வயதைக் கடந்த பெண்மக்கள் இருப்பின் அவர்களையும் அருகில் அமர்த்தி, படத்தில் அவர்கள் காண்பது யாது என்று கேட்டு எழுதலாம்.