கோடு ஒன்று, காரணம் இரண்டு: போட்டோக்ஸ் ஊசியும் ஃபில்லர் ஊசியும்



கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரித்துப் பாருங்கள். இரு புருவங்களுக்கும் நடுவே ஒன்றிரண்டு செங்குத்துக் கோடுகள் தோன்றும். முகத்தைத் தளர்த்தினால் அவை மறைந்துவிடும். அடுத்து, வீட்டிலுள்ள தாத்தா அல்லது பாட்டியின் முகத்தைக் கவனியுங்கள். அவர்கள் புருவத்தை நெரிக்காதபோதும் அந்தக் கோடு அங்கேயே இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே கோடுதான். ஆனால், உங்கள் முகத்தில் வந்தது தசை இழுத்ததால் ஏற்பட்ட மடிப்பு. அவர்கள் முகத்தில் இருப்பது தோலிலேயே பதிந்துவிட்ட பள்ளம்.

இந்த வேறுபாடு புரிந்தால், கைப்பேசியில் அடிக்கடி வந்துபோகும் ‘போட்டோக்ஸ்’, ‘ஃபில்லர்’ விளம்பரங்களும் புரியும். இரண்டும் ஊசிவழி செலுத்தப்படுவதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் அவற்றின் வேலை வேறு, ஆபத்து வேறு, தவறு நேர்ந்தால் அதைச் சமாளிக்கும் வழியும் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டளையைத் தடுக்கும் ஊசி

ஒரு தசை சுருங்க வேண்டுமானால் மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை வர வேண்டும். நரம்பின் முனையில் சின்னஞ்சிறு பைகள் உள்ளன. அவற்றில் அசிட்டைல்கோலின் என்னும் நரம்புக் கடத்தி நிறைந்திருக்கும். கட்டளை வந்ததும் அந்தப் பைகள் நரம்பு முனையின் சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டுகின்றன. அதைத் தசை உணர்ந்து சுருங்குகிறது. நான்காம் படிவ உயிரியலில் சினாப்ஸ் பற்றிப் படிப்பவர்களுக்கு இது பழகிய செய்திதான்.

முகத் தசைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கை, கால் தசைகள் எலும்பை இழுக்கின்றன. முகத் தசைகளில் பல தோலை நேரடியாக இழுக்கின்றன. அதனால்தான் நாம் சிரிப்பதும் சினப்பதும் முகத்தில் கோடுகளாகத் தெரிகின்றன.

போட்டோக்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர். அதிலுள்ள பொருளின் பெயர் பொட்டுலினம் நச்சு. கிளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா உருவாக்கும் புரதம் அது. இந்த நச்சு நரம்பு முனைக்குள் நுழைந்து, பைகளைச் சவ்வோடு இணைக்க உதவும் ‘ஸ்னாப்-25’ என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. மூளை கட்டளை அனுப்பினாலும் அசிட்டைல்கோலின் வெளிவருவதில்லை. தசை சுருங்காததால் தோலும் மடிவதில்லை.

நச்சு மருந்தான கதை

இந்தப் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும். சரியாகச் சூடுபடுத்தாமல் அடைத்த உணவு அதற்கு ஏற்ற இடம். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம், தாய்லாந்தின் நான் மாநிலத்தில், வீட்டில் தகரத்தில் அடைத்த மூங்கில் குருத்தைச் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் இந்த நச்சால் பாதிக்கப்பட்டனர். மூச்சு விடுவதற்கான தசைகளும் செயலிழக்கக்கூடும் என்பதே இந்நோயின் பெரிய ஆபத்து.

1820களில் ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர், கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டு நோயுற்றவர்களை ஆராய்ந்து விரிவாக எழுதினார். சாசேஜைக் குறிக்கும் ‘போட்டுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே நச்சின் பெயர் வந்தது. பின்னர், அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மிகச் சிறிய அளவு நச்சைக் கொண்டு மாறுகண்ணுக்குச் சிகிச்சை அளிக்கலாம் எனக் காட்டினார். 1989இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. கனடாவில் கண் மருத்துவர் ஜீன் கரதர்ஸ், கண் இமைத் துடிப்புக்காக இந்த ஊசி போட்டவர்களின் புருவக் கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டர் கரதர்ஸுடன் சேர்ந்து 1992இல் அதை வெளியிட்டார். புருவக் கோடுகளுக்கான ஒப்புதல் 2002இல் கிடைத்தது.

இன்றும் தசை இறுக்கம், ஒற்றைத் தலைவலி, அதிக வியர்வை போன்றவற்றுக்கு இம்மருந்து பயன்படுகிறது. கொல்லும் நச்சுக்கும் குணப்படுத்தும் மருந்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவும், அதைச் செலுத்தும் இடமும்தான்.

இடத்தை நிரப்பும் ஊசி

ஃபில்லர் நரம்பையோ தசையையோ தொடுவதில்லை. அது தோலுக்கடியில் இடத்தை நிரப்பும் ஒரு கூழ். அதிகம் பயன்படும் வகை ஹயலுரோனிக் அமிலத்தால் ஆனது. 1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகிய இருவரும் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். இரண்டு சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. அதாவது ஒரு பலபடி. நீரை ஈர்த்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் அது இயற்கையாகவே உள்ளது.

ஆனால் ஒரு சிக்கல். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் ஹயலுரோனிக் அமிலம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் ஒவ்வொரு நாளும் சிதைத்துப் புதிதாக ஆக்குகிறது. அதை அப்படியே ஊசியில் போட்டால் சில நாள்களில் கரைந்துபோகும். பிறகு எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது?

விடை நம் மலாக்காவின் மண்ணிலேயே இருக்கிறது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலம் தொட்டு, டுரியான் துங்கால் வட்டாரம் உட்பட இம்மாநிலத் தோட்டங்களில் நம் முன்னோர் பால் வெட்டினார்கள். வெறும் ரப்பர் பால் காய்ந்தால் வெயிலில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், பலபடிச் சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பாலங்கள் உருவாகி ரப்பர் உறுதியாகிறது. ஐந்தாம் படிவ வேதியியலில் வரும் வல்கனைசேஷன் இதுதான். ஃபில்லர் தயாரிப்பிலும் இதே உத்தி. வேறொரு வேதிப்பொருளால் ஹயலுரோனிக் அமிலச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கிறார்கள். வலைபோல் பின்னிக்கொண்ட கூழை உடல் மெதுவாகத்தான் சிதைக்க முடியும்.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

• பொட்டுலினம் ஒரு புரதம். நரம்பு முனையில் வேலை செய்கிறது. ஃபில்லர் ஒரு கூழ். தோலுக்கடியில் இடத்தை நிரப்புகிறது.

• பொட்டுலினம் தசை அசைவால் வரும் கோடுகளுக்கு: நெற்றி, புருவ நடு, கண்ணோரம். ஃபில்லர் பதிந்த பள்ளங்களுக்கும் வற்றிய பகுதிகளுக்கும்: கன்னம், மூக்கோரம் முதல் வாயோரம் வரை உள்ள மடிப்பு, உதடு.

• பொட்டுலினத்தின் பலன் சில நாள்களில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முழுமையடையும். ஃபில்லரின் மாற்றம் உடனே தெரியும்.

• பொட்டுலினம் பொதுவாக 3 முதல் 4 மாதம் நிலைக்கும். ஃபில்லர் வகையையும் இடத்தையும் பொறுத்து 6 முதல் 18 மாதம் வரை நிலைக்கலாம்.

இரண்டையும் சேர்த்தால்?

லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையில் குழியை அடைத்தால் எத்தனை நாள் நிற்கும்? போக்குவரத்தைக் குறைத்துவிட்டு அடைத்தால் கூடுதல் நாள் நிற்கும் அல்லவா? இரு ஊசிகளையும் சேர்ப்பதன் பின்னணியில் உள்ள எண்ணம் இதுதான்.

கரதர்ஸ் இணையர் 2003இல் இதை ஆய்வு செய்து வெளியிட்டனர். புருவ நடுவில் ஆழ்ந்த கோடுகள் கொண்ட 38 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு ஃபில்லர் மட்டும். மற்றக் குழுவுக்குப் பொட்டுலினமும் ஃபில்லரும். கோடு பழைய நிலைக்குத் திரும்ப முதல் குழுவில் இடைநிலை அளவாக 18 வாரம் ஆனது. இரண்டாம் குழுவில் 32 வாரம். இதில் தற்சார்பு மாறி பொட்டுலினம் சேர்ப்பது. சார்பு மாறி பலன் நீடித்த காலம். கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஃபில்லரின் வகை. சிறிய ஆய்வுதான் என்றாலும், தசை ஓய்ந்தால் ஃபில்லர் நீடிக்கும் என்பதை அது காட்டியது.

ஆனால் ‘கூடுதல் நாள் நிற்கும்’ என்பதும் ‘பாதுகாப்பானது’ என்பதும் ஒன்றல்ல. அந்த ஆய்வு நடந்த புருவ நடுவே, ஃபில்லர் போடுவதற்கு மிக ஆபத்தான இடங்களுள் ஒன்று.

ஆபத்தும் இரு வகை

புருவ நடுவிலும் மூக்கிலும் ஓடும் சிறு தமனிகள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு தொடர்புடையவை. கூழ் தவறித் தமனிக்குள் நுழைந்து அழுத்தத்தால் பின்னோக்கிச் சென்றால், விழித்திரைக்கு இரத்தம் போவது தடைபடும். பார்வை நிரந்தரமாகப் போகலாம். தோலுக்குச் செல்லும் தமனி அடைபட்டால் அப்பகுதித் தோல் அழுகும்.

ஹயலுரோனிக் அமில ஃபில்லருக்கு ஒரு மாற்று உண்டு. ஹயலுரோனிடேஸ் என்ற நொதி அதைக் கரைக்கும். ஆனால் பூட்டும் சாவியும் போல, ஒரு நொதி தனக்குரிய பொருளை மட்டுமே சிதைக்கும். ஊசியில் இருந்தது சிலிக்கோன் என்றால் அந்த நொதியால் பயனில்லை. கண் பாதிக்கப்பட்டால், நொதி கையில் இருந்தும் பார்வை திரும்பாமல் போவதுண்டு.

பொட்டுலினத்தில் நிலைமை வேறு. நரம்பு முனைக்குள் நுழைந்துவிட்ட நச்சை வெளியேற்ற மருந்து கிடையாது. இமை தொங்கிவிட்டால் நரம்பு மீளும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நச்சு முறிவு மருந்தும் இரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டுமே பிடிக்கும். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வீடு, ஸ்பா போன்ற இடங்களிலோ, பயிற்சியோ உரிமமோ இல்லாதவர்களிடமோ ஊசி போட்டுக்கொண்ட 22 பேர், 11 மாநிலங்களில் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

நம் நாட்டில் விதி என்ன?

மலேசியாவில் இவ்வூசிகளை அழகு நிலையப் பணியாளர் போடக் கூடாது. மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, அழகியல் சிகிச்சைக்காகச் சுகாதார அமைச்சின் தகுதிச் சான்றும் பெற்ற மருத்துவரே போடலாம். சிகிச்சை நடக்கும் இடம் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கிளினிக்காகவோ மருத்துவமனையாகவோ இருக்க வேண்டும். பொட்டுலினம் மருந்துப் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். மருத்துவரின் பெயரை மன்றத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம்.

இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசிகளைப் போடுவது குற்றம். உங்கள் வயதில் முகத்தில் தோன்றும் கோடு, தசை நன்றாக வேலை செய்கிறது என்பதன் அடையாளம். அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ சித்தியோ, திருமணத்துக்கு முன் ‘மலிவாக, வீட்டுக்கே வந்து போடுகிறார்கள்’ என்று சொல்லக்கூடும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஊசியில் இருப்பது என்ன பொருள்? போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா? தவறு நேர்ந்தால் உடனே கொடுக்க அவரிடம் என்ன மருந்து இருக்கிறது? மூன்றுக்கும் தெளிவான விடை வராவிட்டால், அந்த ஊசி வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. கண்ணோரத்தில் சிரிக்கும்போது மட்டும் கோடு வருகிறது. இதற்கு ஃபில்லர் ஏன் பொருந்தாது?
2. வல்கனைஸ் செய்த ரப்பருக்கும் ஃபில்லர் கூழுக்கும் உள்ள ஓர் ஒற்றுமையை எழுதுக.
3. ஹயலுரோனிடேஸ் நொதியால் பொட்டுலினத்தின் விளைவை நீக்க முடியுமா? காரணம் தருக.