எரிச்சே மலையூரில் ஒரு நாள்

கேள்வி: சிசிலித் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். எரிச்சே என்னும் பழைய மலையூருக்கு ஒரு நாள் ஒதுக்குவது தகுமா? எதை முதலில் காண வேண்டும்?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள், அம்மா, கூடுமானால் ஓரிரவு தங்குவதே உத்தமம். திராப்பானித் துறைமுகத்துக்கு மேலே, ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் மதில் சூழ விளங்கும் அவ்வூரில், எலிமியரும் பீனீஷியரும் பின்னர் ரோமானியரும் தத்தம் மொழியில் நாமம் சூட்டி ஒரு தேவியை ஆராதித்த ஆலயம் பாறை முனையில் இருந்தது. அது சிதைந்த ஸ்தானத்தில்தான், 12-ஆம் நூற்றாண்டில் நார்மானியர் எழுப்பிய வீனஸ் கோட்டை இன்று நிற்கிறது.

எனினும், முதலில் 1314-இல் மூன்றாம் பிரெடெரிக் மன்னர் காலத்தில் எழுந்த பிரதான மாதா கோவிலுக்குச் செல்லுங்கள். அதன் மணிக்கூண்டு கோவிலோடு ஒட்டாமல் தனித்து நிற்பதன் காரணம், அது காவற்கோபுரமாகவும் பயன்பட்டதே. படியேறி உச்சியை அடைந்தால், கீழே கட்டம் கட்டமாகப் பாத்தி கட்டிய உப்பளங்களும், அவற்றுக்கு அப்பால் எகாடித் தீவுகளும் தெளிவாகத் தென்படும்.

மூடுபனி திடீரென்று கவிந்து காட்சியனைத்தையும் மறைத்துவிடுமாதலால், வானம் தெளிந்திருக்கும்போதே கோட்டையைப் பார்த்துவிடுங்கள். பலத்த காற்று வீசினால் மலையூருக்கு ஏறிவரும் கேபிள் கார் ஓடாது; ஆகவே பேருந்து நேரத்தையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். காலடி பட்டுப் பட்டு வழவழத்துப்போன கற்றெருக்களுக்கு, வழுக்காத காலணி அவசியம்.

துறவிகள் வாழ்ந்த மடங்கள் சிலவற்றில், 1963-இல் தோன்றிய மயோரானா விஞ்ஞான நிலையம் இப்போது இயங்குகிறது. பழைய கட்டடங்களைப் பூட்டி வைக்காமல் புதிய ஞானத்துக்கு இடமாக்கிய அந்த விவேகத்துக்காகவும் எரிச்சே காணத் தக்கது.