தாடையும் ஒரு நெம்புகோல்தான்!



கடைவாயை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். உருண்டு திரள்கிறதே, அதுதான் மாசட்டர் என்னும் மெல்லும் தசை. நாம் மெக்கானிக்ஸில் படித்த மூன்றாம் வகை நெம்புகோல்தான் இது: தாடை மூட்டு ஆதாரம், தசை விசை, பல்லிடை உணவு பளு.

பனையேறியான என் பாட்டா பனங்கிழங்கை நார்நாராய்க் கடித்துத் தின்பார். அகன்ற முகம், வரிசையான பல். "பல்லுக்கு வேல குடுக்கணும் மக்கா" என்பார். எனக்கோ நீள முகம், நெருக்கிய பல். குரூப் போட்டோவில் சிரிக்கவே மாட்டேன். பாட்டா சொல்வது சரிதானா?

பாதி சரி. 1991-இல் சுவீடனில் கிலியாரிடிஸ், கேலெபோ இருவரும் அல்ட்ராசவுண்டால் இத்தசையை அளந்தார்கள். தசை மெலிந்த பெண்களுக்கு முகம் நீண்டிருந்தது. 1983-இல் வெளியான கொருச்சினி குழுவின் வட இந்திய ஆய்வில், கிராமத்தாரைவிட நகரத்து இளைஞருக்கே பல்வரிசைக் கோளாறு அதிகம். மென்மையான உணவு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. 1987-இல் நீள்முகச் சிறுவர் 13 பேரைக் கடினப் பொருளை மெல்லவைத்தபோது கடிவிசை கூடியது.

மீதிப் பாதி பரம்பரை. வயதும் உண்டு. எனக்கு 18, இனி மென்று முகத்தை மாற்ற முடியாது, கம்பிதான் வழி. கம்பி மெல்ல அழுத்த, அழுத்தும் பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் புது எலும்பு கட்டும், பல் நகரும்.

நாலாம் வகுப்புத் தங்கைக்கும் என் பல்தான். ஆனால் அவள் வளர்கிற பிள்ளை. தேங்காய்ச் சில்லும் கிழங்கும் கொடுங்கள், பல் டாக்டரிடமும் இப்போதே காட்டுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் முதல் சம்பளம் அவள் பல்லுக்குத்தான். என் பல் அப்புறம்.