முதிய நாயின் பராமரிப்பு

பெரிய இன நாய்கள் ஏறத்தாழ 7 வயதிலேயே முதுமையெய்தும். சிறியவை 10 வயதிலும் திடமாயிருத்தல் உண்டு. எழுந்திருக்கத் தயங்கும் கிழநாயைச் சோம்பேறி என்பர். பெரும்பாலும் அது மூட்டு வலியேயாகும். சிமெண்டுத் தரையில் கோணிச் சாக்கை மடித்து விரித்து, நீரை அருகில் வைத்தல் வேண்டும். உடற்பருமன் மூட்டுகளுக்குச் சுமையாதலின், உணவை அளந்தே இடுக.

வலிக்கென மனிதர் உண்ணும் ஐபுப்ரொஃபென் மாத்திரையைக் கொடுத்தலாகாது. அஃது இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருந்து யாதெனக் கால்நடை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

செவி மந்தமான நாயைத் துயிலில் தீண்டினால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். அதனைக் கொடியதெனக் கருதித் துரத்துவோர் உளர், குற்றம் நாயினதன்று. சற்றுத் தொலைவில் நின்று தரையைத் தட்டினால், அதிர்வை உணர்ந்து விழித்துக்கொள்ளும். இதனை மாணவர்க்குச் செய்து காட்டுக. வெறிநோய்த் தடுப்பூசியை முதுமை கருதி நிறுத்தலாகாது.