ஐ.சி.யூ.வில் செல்லும் கையெழுத்து வங்கியில் செல்லாது

சித்தப்பா பக்கவாதம் வந்து நினைவில்லாமல் கிடந்தபோது, மருத்துவமனை சித்தியிடம் வாங்கிய கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. மண்டையோட்டைத் திறக்க ஒன்று, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க ஒன்று. அங்கே யாரும் அவருடைய அதிகாரத்தைக் கேட்கவில்லை. பில் கட்டுவதற்காக வைப்புத்தொகையை உடைக்கப் போன வங்கியில்தான் கேட்டார்கள். "அக்கவுண்ட்ல அவர் பேர் மட்டும்தான் இருக்கு. கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்கம்மா."

"நாமினி நான்தானே?" என்றார் சித்தி. ஆள் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு அந்தப் பணத்தில் வேலையில்லை. கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் சாட்சிகள் முன்னால் கைநாட்டு வாங்கலாம்தான். நினைவே இல்லாதவர் விரலைப் பிடித்து அழுத்தினால் அது சம்மதம் ஆகாது.

வங்கி சொன்னது சட்டப்படி சரி. வயதுவந்த ஒருவருக்கு மனைவியோ மகனோ தானாகக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கோமாவில் இருப்பவருக்கென்று தனிச் சட்டமே கிடையாது. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதுதான் வழி. இதற்கான நடைமுறையைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தது: மருத்துவக் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும், வருவாய்த்துறை நேரில் விசாரிக்க வேண்டும், காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியையே காப்பாளராக நியமித்தது. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லியிருந்த வழக்கு அது.

வக்கீலிடம் போகும்போதே நரம்பியல் மருத்துவரின் சான்று, சொத்து விவரம், எல்லா வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாப் பிரமாணப் பத்திரம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பிள்ளை இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கச் சொல்லுங்கள். எங்களை அதிகம் இழுத்தடித்தது இந்த ஒன்றுதான்.

"பவர் எழுதி வாங்கியாச்சு, கவலையில்லை" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் கொடுத்தவர் சித்தம் இழந்தால் ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி அந்தப் பவரும் முடிந்துபோகிறது. அதைவிட, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு உருப்படியானது. செலவும் இல்லை.

இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கிறது. நோயாளி நல்ல நினைவோடு படுத்திருப்பார்; டாக்டர் மகனைத் தனியே அழைத்துப் பேசுவார். நினைவுள்ள பெரியவருக்குப் பதிலாகக் குடும்பம் சம்மதம் தர முடியாது. மயக்க மருந்தில் இருந்த பெண்ணின் கருப்பையை அவர் தாயின் சம்மதத்தோடு அகற்றிய வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. ஆகவே, "அப்பாகிட்டயே கேளுங்க டாக்டர்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும் முன்பே எழுதிவைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும். நம் சார்பில் முடிவு சொல்ல ஒருவருக்கு மேலும் பெயர் குறிக்கலாம். சித்தி தன் பத்திரத்தில் மகனை விட்டுவிட்டுத் தங்கைகள் இருவரையும் போட்டார். காரணம் கேட்டேன். "அவன் அழுவான், மெஷினைக் கழட்ட விடமாட்டான்" என்றார்.